இதிலை என்ன எழுதியிருக்கு

2 பெப்ரவரி 2025, ஞாயிறு

பேத்தி தயானி சட்டப் படிப்பில் நாலாம் வருட முதல் தவணையும் பாஸ். வகுப்பில் ஆறாவது. பேரன் பிரதீசுக்குக் கணக்கில் இருபதுக்குப் பதினெட்டு. இந்த வருடம் பள்ளிக்கூடத்துக் கடைசிச் சோதனை. கூசேன்வில்லில் இருக்கும் என் தங்கையின் பேத்தி நர்ஸ் வேலைக்கு எடுபட்டுவிட்டாள். அவளுடைய தம்பி கராத்தேயில் கறுப்புப் பட்டி. ஐந்தாம் வகுப்போடு நின்ற எனக்கு இப்படிப் பிள்ளைகள்.

இதையெல்லாம் சொல்லாமல் நான் பாரிஸ் லா சப்பலில் ஒரு கடையிலும் ஏறி இறங்குவதில்லை. மரக்கறிக் கடை யோசேப்பு என்னைக் கண்டதும், "என்ன அம்மா, இண்டைக்கு ஆர் பாஸ்?" என்பார். நக்கல்தான். அவருக்கு நக்கல், எனக்குச் சந்தோசம்.

இந்தக் கொப்பி தயானி தந்தது. "அம்மம்மா, சொல்ல ஏலாததை எழுதுங்கோ" என்றாள். சொல்ல ஏலாதது என்ன இருக்கிறது என்னிடம்?

இருக்கிறது. தவசீலனைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. என் மகனின் ஒரே படம் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் குப்புறக் கிடக்கிறது. சுவரில் வைத்தால் வருகிறவர்கள் மாலை எங்கே என்று கேட்பார்கள்.

8 பெப்ரவரி, சனி

தயானியும் கூட்டாளிகளும் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சட்டம் சொல்லிக் கொடுக்கிறார்கள். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு அறை. இன்று இறைச்சி ரோல்ஸ் சுட்டுக்கொண்டு நானும் போனேன். இருபது பிள்ளைகள் இருக்கும். ஆபிரிக்கப் பிள்ளைகள், அரபுப் பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள். தெருவில் பொலிஸ் மறிப்பது இவர்களைத்தான் என்றாள் தயானி. பிரதீசை இந்த மாதம் மட்டும் மூன்று தரம் மறித்திருக்கிறார்கள். எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

தயானி பிரதீசின் தொப்பியைப் போட்டுப் பொலிசாக நடித்தாள். பிடிபடுகிறவனாக எமில். எங்களுக்குக் கீழ் மாடியில் இருக்கும் கொங்கோப் பிள்ளை, பிரதீசின் உயிர்க் கூட்டாளி. லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் என் அரிசி மூட்டையை நாலு மாடி தூக்கி வருவான். அவனும் என்னை "அம்மம்மா" என்றுதான் கூப்பிடுவான். தயானி கையைத் தூக்கச் சொன்னதும் இரண்டு கையிலும் ரோல்ஸ் வைத்துக்கொண்டு தூக்கினான். எல்லோரும் சிரித்தார்கள்.

பிறகு தயானி ஒரு தாளை மேசையில் தள்ளி, "சைன்" என்றாள்.

எமில் சிரிப்பை நிறுத்திவிட்டு பிரெஞ்சில் ஏதோ கேட்டான். பிரதீஸ் என் காதுக்குள் சொன்னான்: "இதிலை என்ன எழுதியிருக்கெண்டு கேக்கிறான். அப்பிடித்தான் கேக்கவேணும் அம்மம்மா. வாசிக்காமல் போடக்கூடாது."

தட்டு என் கையிலிருந்து விழுந்துவிட்டது. உடம்பில் சீனி குறைந்துவிட்டது என்று பொய் சொன்னேன்.

9 பெப்ரவரி

எழுதிவிடுகிறேன்.

யுத்தம் முடிந்து பாலம் கடந்து வந்த மூன்றாம் நாள். 2009, வைகாசி. கம்பிவேலிக்குள் எங்களை இருத்தி, இளம் பெடியன்களைத் தனியாக ஒரு மேசைக்கு முன் வரிசையில் விட்டார்கள். தாய்மார் பத்தடி தள்ளி. மேசையில் தாள். எல்லாம் சிங்களம். ஆமிக்காரன் அரைத் தமிழில் சொன்னான்: "சைன் பண்ணு. பின்னேரம் வீடு போ."

எங்கள் பக்கத்து வளவு யோகநாதன் போட்டான். அவனுக்கு முன்னும் பின்னும் நின்றவர்கள் போட்டார்கள். தவசீலன் பேனையை எடுத்துக்கொண்டு, "ஐயா, இதிலை என்ன எழுதியிருக்கு?" என்றான். ஆமிக்காரன் திரும்ப, "சைன்." இவன் திரும்பவும் கேட்டான். மூன்றாம் தரம் என்னைத் திரும்பிப் பார்த்து, "அம்மா, இதிலை என்ன எழுதியிருக்கெண்டு கேளுங்கோ" என்றான்.

நான் சொன்னேன்: "வாயை மூடிக்கொண்டு போடடா."

அதுதான் நான் என் பிள்ளையோடு கடைசியாகக் கதைத்தது. அவன் போடவில்லை. இரண்டு பேர் வந்து தோளில் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். செருப்பில் ஒன்று கழன்று கிடந்தது. நான் அதை எடுத்து வைத்துக்கொண்டு பின்னேரம் வரைக்கும் நின்றேன்.

யோகநாதன் வந்துவிட்டான். இப்போது சுவிசில், மூன்று பிள்ளைகள். போட்டவன் வந்தான், கேட்டவன் வரவில்லை. பதினாறு வருடமாக எனக்குத் தெரிந்த சட்டம் இது ஒன்றுதான்.

21 பெப்ரவரி

கீழே தபால் பெட்டியில் பிரெஞ்சுக் கடிதம் வந்தால் பின்னால் அவன் நிற்கிறான். பட்டப்பகல். ஆட்கள் ஏறி இறங்குகிறார்கள். "அம்மா, என்ன எழுதியிருக்கு?" நான் திரும்பிப் பார்ப்பதில்லை.

12 மார்ச், புதன்

எமிலைப் பொலிஸ் பிடித்துவிட்டது.

மெத்ரோ வாசலில் பிரதீசும் அவனும் நின்றிருக்கிறார்கள். பேப்பர் கேட்டார்கள், காட்டினார்கள். பையைத் திறக்கச் சொன்னார்கள். எமில், "ஏன் ஐயா?" என்று கேட்டானாம். மரியாதையாகத்தான் கேட்டவன் என்கிறான் பிரதீஸ். கையை முறுக்கியதில் எமிலும் ஒரு பொலிஸ்காரனும் சேர்ந்து விழுந்தார்களாம். பொலிசைத் தள்ளினான் என்று கொண்டு போய்விட்டார்கள்.

நாளைக்குப் பத்து மணிக்குப் பிரதீஸ் சாட்சி சொல்ல வரவேண்டுமாம். போனில் சொன்னார்கள்.

கேட்டவனைக் கொண்டு போய்விட்டார்கள். திரும்பவும்.

13 மார்ச், வியாழன்

தயானிக்கு இன்று பரீட்சை, போன் நிற்பாட்டி வைத்திருந்தாள். மகள் சிவரஞ்சினி விடியவே விமான நிலையத்துக்குத் துப்புரவு வேலைக்குப் போய்விட்டாள். மருமகன் சாந்தன் ரெஸ்ரோரண்டுக்கு வெளிக்கிட்டபடி, "போய்க் கேட்டதைச் சொல்லிப்போட்டு வா. பிரச்சினை எடுக்காதை" என்றார். பிள்ளையோடு நான்தான் போனேன்.

பொலிஸ் நிலையத்தில் வெளி வாங்கில் இருந்தோம். கூப்பிட்டதும் அவன் எழும்பினான். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். விட முடியவில்லை. "தம்பி, அவங்கள் சொல்லுறதுக்கு ஓம் எண்டு சொல்லு. தாளை நீட்டினால் ஒண்டும் கேளாதை. போட்டிட்டு வா ராசா. வீட்டை வா." அழுதுவிட்டேன். அங்கே இருந்த எல்லோரும் பார்த்தார்கள்.

நாற்பது நிமிசம். சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வந்துவிட்டான்! கதவைத் திறந்துகொண்டு, இரண்டு காலிலும் சப்பாத்தோடு, முழுசாக வந்துவிட்டான். தெருவிலேயே கட்டிப்பிடித்துக் கொஞ்சினேன். வீட்டுக்கு வந்து பிட்டு அவித்து, முட்டை பொரித்து, அவன் சாப்பிடும் வரைக்கும் பக்கத்தில் இருந்தேன். பாதிதான் சாப்பிட்டான்.

14 மார்ச், வெள்ளி

எமிலை விட்டுவிட்டார்கள். ஆனால் ஜூன் 12 கோர்ட். குற்றம் என்று தீர்த்தால் சிறை மறியலுக்கும் போகலாமாம்.

எமிலுக்காக வழக்குப் பேசப்போகிற ஆன்-சோஃபி என்ற அவொக்காவைத் தயானிக்குப் பழக்கம். வழக்குக் கடுதாசிக் கட்டைப் பார்த்துவிட்டு அவ போன் எடுத்திருக்கிறா. தயானி வந்து செருப்பும் கழற்றவில்லை.

"பிரதீஸ், அந்தத் தாளிலை என்ன எழுதியிருந்தவை?"

"தெரியா."

"வாசிக்கேல்லையோ?"

"அவை கேட்டதுக்கு ஓம் எண்டனான். பிறகு சைன் வைச்சனான்."

"எமில்தான் முதல் தள்ளினவன் எண்டு கிடக்கு. கீழை உன்ரை பேர். நீ கண்டனியோ?"

"இல்லை. அவன் தள்ளேல்லை."

"பிறகேன் போட்டனீ? நான் ஊர்ப் பிள்ளையளுக்கெல்லாம் படிப்பிக்கிறன், என்ரை வீட்டுக்குள்ளை..."

அவன் என்னைப் பார்க்கவில்லை. பிரெஞ்சில்தான் சொன்னான். தயானி எனக்குத் தமிழில் சொல்லவில்லை. ஆனால் அவன் சொன்னதில் "அம்மம்மா" என்ற சொல் இருந்தது. அது போதும்.

நான் விட்டுக்கொடுக்கவில்லை. "கேட்டவன் உள்ளுக்கை போனான். கேளாதவன் வீட்டை வந்தான். இதிலை எது பிழை? நீ சொல்லிக் குடுத்ததைக் கேட்டுத்தானே அந்தப் பிள்ளை மாட்டினவன்?"

தயானியின் முகம் செத்துப்போய்விட்டது. சாப்பிடாமல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவளுக்குள்ளும் அதே கேள்விதான் இருந்திருக்கிறது. நான் விரலை விட்டுக் கிண்டிவிட்டேன்.

22 மார்ச், சனி

பத்துக் கிலோ அரிசியோடு இரண்டாம் மாடியில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றேன். எமில் மேலே வந்தான். வலது கைக்குக் கட்டு. மூட்டையை இடது தோளில் தூக்கி, எங்கள் வாசலில் வைத்தான். நன்றி சொன்னேன்.

"மதாம்" என்றான். இறங்கிப் போய்விட்டான்.

மதாம்.

23 மார்ச்

மூட்டையை இன்னும் பிரிக்கவில்லை.

30 மார்ச், ஞாயிறு

என் பக்கத்துக்குச் சாட்சி தேடித்தான் போன் எடுத்தேன். அதை ஒளிக்க மாட்டேன். யோகநாதன் தன் வாயால் தயானிக்குச் சொல்லட்டும், போட்டபடியால்தான் உயிரோடு இருக்கிறேன் என்று. பதினாறு வருடத்தில் நான் அவனோடு கதைத்தது பிள்ளைகள் பிறந்ததுக்கு மட்டும். அந்த நாளைப் பற்றி ஒரு தரமும் கேட்கவில்லை. அவன் வந்ததே எனக்குக் கோபம்.

"மாமி, என்ன திடீரெண்டு?"

"தம்பி, அண்டைக்கு நீ சைன் வைச்சபடியால்தானே உன்னை விட்டவங்கள்?"

லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"ஆர் மாமி உங்களுக்கு அப்பிடிச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நான் கண்டனான்."

"மாமி, அந்த மேசையிலை என்னோடை ஒன்பது பேர் போட்டனாங்கள். திரும்பி வந்தது நானும், காலில்லாத ஒரு பெடியனும். மற்ற ஏழு பேரும் போட்டவங்கள்தான். ஏழு பேரின்ரை தாய்மாரும் இண்டைக்கும் ரோட்டிலை படத்தோடை இருக்கினம். ஏன் என்னை விட்டவங்கள் எண்டு எனக்கே தெரியாது."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

அவன்தான் பிறகும் சொன்னான்: "தவசீலன் தனக்காக மட்டும் கேக்கேல்லை மாமி. வரிசையிலை நிக்கேக்கை, 'நான் வாசிக்கச் சொல்லிக் கேக்கிறன், எல்லாரும் கேட்டுக்கொள்ளுங்கோ' எண்டு எங்களுக்குச் சொல்லிப்போட்டுத்தான் போனவன். நாங்கள் ஒருத்தரும் அவனோடை சேர்ந்து கேக்கேல்லை. எனக்கு அதுதான் இண்டைக்கும்..."

அவன் அழுதான். நாற்பதை நெருங்கின ஆம்பிளை. நான் போனை வைத்துவிட்டேன். சாட்சியும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம்.

31 மார்ச்

ஏழு பேர் போட்டவர்கள்.

அப்படியென்றால் நான் அவனுக்கு என்ன சொன்னேன்? வாயை மூடச் சொன்னேன். எதுக்கு? வாய்க்கொழுப்பால் போனான் என்று பதினாறு வருடமாக என் மனதுக்குள் பிள்ளையைப் பேசிக்கொண்டே இருந்தேன். அவன் நியாயமாகக் கேட்டது ஒரேயொரு கேள்வி. அதைக்கூட நான் திரும்பிக் கேட்டுக் கொடுக்கவில்லையே. ஒருக்கால் கேட்டிருக்கலாம். என்ரை ராசா. ஒருக்கால் நானும் கேட்டிருக்கலாம்.

5 ஏப்ரல், சனி

அறைக்குப் போனேன். ரோல்ஸ் இல்லாமல். பின் வரிசையில் இருந்தேன். பிள்ளைகள் முந்தியதில் பாதிதான். எமில் வரவில்லை. ஒரு அரபுப் பெண் பிள்ளை எழும்பி, கேட்டால் எமிலுக்கு நடந்ததுதானே நடக்கும் என்று கேட்டது.

தயானி மழுப்பவில்லை. "நடக்கலாம்" என்றாள். "கேட்டால் காப்பாத்தும் எண்டு நான் சொல்லமாட்டன். ஆனால் ஒருத்தன் கேக்கேக்கை பக்கத்திலை நிக்கிறவனும் கேக்கவேணும். கண்டதைக் கண்டபடி சொல்லவேணும். தனிய விடக்கூடாது." இதைப் பிரெஞ்சில் சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தமிழிலும் சொன்னாள்.

அவளுக்கு யோகநாதன் சொன்னது எதுவும் தெரியாது. நான் சொல்லவே இல்லை.

12 ஏப்ரல்

பிரதீசையும் தயானியையும் இருத்தி எல்லாம் சொன்னேன். மேசை, தாள், செருப்பு, நான் சொன்ன சொல். தயானி என் காலடியில் வந்து இருந்தாள். பிரதீஸ் மட்டும், "மாமாக்கு அப்ப எத்தினை வயசு?" என்று கேட்டான்.

"இருபத்தொண்டு."

"நான் கோர்ட்டிலை சொல்லுறன் அம்மம்மா. வாசிக்காமல் போட்டனான் எண்டு."

மருமகனுக்குக் கோபம் வந்துவிட்டது. "மாமி, நான் நசனாலித்தே, பிரெஞ்சுக் குடியுரிமை, கேட்டு எழுதிப்போட்டு ரெண்டு வருசமாக் காத்திருக்கிறன். இந்த நேரம் வீட்டிலை ஒருத்தன் பொலிசுக்கு மாறிக் கதைச்சானெண்டால்? அந்த எமில் எங்கடை பிள்ளையே?"

சாந்தன் தம்பி கெட்ட மனிசன் இல்லை. பயம். அந்தப் பயத்தை எனக்குத் தெரியும். என் பிள்ளை மாதிரி வளர்த்து வைத்திருந்தேன் அதை.

"தம்பி, இவனைப் போடச் சொன்னது நான். அதையும் எழுதித் தாறன். கோவிக்கிறதெண்டால் என்னைக் கோவியுங்கோ."

சிவரஞ்சினி அடுப்படியில் நின்றபடி, "தம்பியைப் பற்றி இந்த வீட்டிலை இண்டைக்குத்தான் கதைக்கிறம்" என்றாள். அவ்வளவுதான். மருமகன் எழும்பிப் போனார். ஆனால் கதவை அடிக்கவில்லை.

6 மே, செவ்வாய்

வக்கீல் ஆன்-சோஃபியின் கந்தோர். சாட்சிக் கடிதம் அவரவர் கையெழுத்திலேயே இருக்க வேண்டுமாம். தமிழில் எழுதலாம், மொழிபெயர்ப்பை அதோடு இணைக்கலாம். ஒரு பக்கம் எழுத எனக்கு இரண்டு மணித்தியாலம் பிடித்தது. நாலு தரம் கிழித்தேன்.

மொழிபெயர்க்க வந்தவர் ஒரு புதுச்சேரிக்காரர், டை கட்டியிருந்தார். பிரெஞ்சில் தட்டி எடுத்து இரண்டு தாளையும் நீட்டி, "ரெண்டுலயும் இங்க ஒரு கையெழுத்து போடுங்கம்மா" என்றார்.

பேனையை எடுத்துவிட்டேன். கை தானாக இறங்கிவிட்டது. தாளுக்கு ஒரு விரல் மேலே நின்றது.

"ஐயா, இதிலை என்ன எழுதியிருக்கு?"

என் வாய்தான். ஆனால் அந்தக் குரல்...

"நீங்க எழுதினதுதாம்மா."

"நான் எழுதினது தமிழ். இது பிரெஞ்சு. முழுக்க வாசிச்சுத் தமிழிலை சொல்லுங்கோ."

மணிக்கூட்டைப் பார்த்தார். ஆன்-சோஃபி தலையாட்டினா. வாசித்தார். மூன்றாம் வரியில் "பேரன் பயந்துபோய்ப் பொய் சொன்னான்" என்று வந்தது.

"நிப்பாட்டுங்கோ. நான் அப்பிடி எழுதேல்லை. 'பயந்தது நான். அவனை ஓம் எண்டு சொல்லச் சொன்னது நான்.' அப்பிடித்தான் கிடக்கு. பாருங்கோ."

பார்த்தார். அவருடைய காது சிவந்தது. "மன்னிச்சிக்கங்கம்மா, நீங்க சொல்றது சரி" என்று திருத்தி, திரும்ப முதலில் இருந்து வாசித்தார். முழுக்கக் கேட்டேன். பிறகு போட்டேன். கமலராணி. பெயர் கோணல்தான், ஆனால் முழுப்பெயர்.

வெளியே வந்ததும் தயானி, "அம்மம்மா, சனிக்கிழமை பொலிஸ் வேசத்துக்கு நீங்கள் வாறியளோ?" என்றாள். "வந்தால் உன்னைத்தான் முதல் பிடிப்பன்" என்றேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு சிரித்தாள்.

18 மே

யுத்தத்தில் செத்தவர்களுக்கான அஞ்சலிக்கு எல்லோரும் படம் கொண்டு போனார்கள். நான் கொண்டு போகவில்லை. அவன் செத்தவர்களோடு சேர்த்தியா என்று எனக்கு இன்னும் ஒருவரும் எழுத்தில் தரவில்லை.

12 ஜூன், வியாழன்

கோர்ட். நான் மாம்பழக் கலர்ச் சேலை. எமிலின் தாய் வெள்ளைச் சட்டை. எங்கள் இரண்டு பேருக்கும் இடையில் போன்ஜூரைத் தவிரப் பாசை இல்லை. பக்கத்தில் வந்து இருந்தா.

நீதவான் ஒரு பெண். பிரதீசைக் கூப்பிட்டா. நேரே பார்த்துக் கதைத்தான். தயானி எனக்குக் காதுக்குள் சொன்னாள்: வாசிக்கவில்லை என்கிறான். எமில் தள்ளவில்லை என்கிறான். ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்கிறா. "என் மாமா ஒரு தாளை வாசிக்கக் கேட்டதால் காணாமல் போனவர். அம்மம்மா பயந்தா. அம்மம்மா அழுததால் நான் பயந்தேன்" என்கிறான்.

பிறகு என் கடிதத்தை வாசித்தார்கள். என் சொல்லைப் பிரெஞ்சில் கேட்டேன். ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் "தவசீலன்" என்று வாசித்தா, "தவாசிலான்" என்று. ஒரு நீதவானின் வாயால் என் பிள்ளையின் பெயர். பதினாறு வருடத்தில் முதல் தரம். எமிலின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டா. நான் அழுதது அவவுக்கு எப்படித் தெரிந்ததோ. எனக்கே தெரியவில்லை.

குற்றமில்லை என்று தீர்ப்பு. ஆனால் விமான நிலையத்தில் எமிலுக்கு வரவிருந்த வேலை போய்விட்டது. வழக்கு இருந்த நாளில் அனுமதி அட்டை கொடுக்கவில்லை, இடம் வேறு ஒருவனுக்கு. தீர்ப்பு அதைத் திருப்பித் தராது. மருமகனின் பேப்பருக்கும் இன்னும் பதில் இல்லை.

படியில் எமில் என் பையை வாங்கினான். மூன்றாம் மாடிவரை முன்னால் ஏறினான். அங்கே நின்று மூச்சு விட்டு, "போவம், அம்மம்மா" என்றான்.

22 ஜூன், ஞாயிறு

யோகநாதனுக்குக் கடிதம். முதலில் இதில் எழுதிப் பார்க்கிறேன், பிறகு நல்ல தாளில்.

அன்புள்ள தம்பி யோகநாதனுக்கு, மாமி எழுதுவது. அன்றைக்குப் போனை வைத்ததற்கு மன்னிக்க வேண்டும். இங்கே பிள்ளைகள் எல்லோரும் சுகம். தயானி சட்டத்தில் ஐந்தாம் வருடம் போகிறாள். பிரதீஸ் கோர்ட்டில் எழும்பி உண்மை சொன்னவன். சோதனை முடிவு வர இன்னும் இரண்டு கிழமை. எமில் என்று எங்களுக்கு இன்னொரு பிள்ளை. நீதியாய்க் கேட்டதற்காகப் பிடிபட்டு, குற்றமில்லை என்று வந்தவன், இப்போது சனிக்கிழமைகளில் மற்றப் பிள்ளைகளுக்கு அவன்தான் சொல்லிக் கொடுக்கிறான். என் மகன் தவசீலன், இருபத்தொரு வயதில், வாசித்துச் சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆமியைக் கேட்டவன். மரக்கறிக் கடை யோசேப்புக்கும் சொல்லிவிட்டேன். அவர் நக்கலடிக்கவில்லை.

உன்னில் எனக்குக் கோபம் இல்லை. நீ வந்தது நல்லது. அதை முன்னமே சொல்லியிருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் நீங்கள் இரண்டு பேரும் பந்தடித்துக் கப் எடுத்த படம் ஒன்று உன்னிடம் இருக்கிறது என்று உன் தாய் முந்தி ஒரு தரம் சொன்னவ. அதில் அவன் சிரிக்கிறானாம். என்னிடம் இருப்பதில் அடையாள அட்டைக்காக வாயை மூடிக்கொண்டு நிற்கிறான். அதை இப்போது சுவரில் கொழுவியிருக்கிறேன், மாலை இல்லாமல். பக்கத்தில் இன்னொரு ஆணியும் அடித்தாயிற்று. போனில் அனுப்பாதே தம்பி, போனில் பார்த்தால் விரல் பட்டதும் போய்விடுகிறது. தாளில் எடுத்து, கீழே இருக்கிற விலாசத்துக்குத் தபாலில் போடு. பின்பக்கம் ஏதாவது எழுதுவதாக இருந்தால் தமிழில் எழுது. நானே வாசிப்பேன்.